சுட்ட மண்ணும் நம் குடிலும்

யூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்தது வேறு. ஓலைக் கோவில் எப்போது ஓட்டுக் கோவிலாயிற்று, எந்தக் குருவானவர் காலத்தில் மணி வந்தது, கொடிமரத்தை யார் உபயம் செய்தார்கள் என்பவற்றை எல்லாம் மற்றவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். பழைய ஏடுகளைப் புரட்டி எழுதியிருப்பதால் என்னைக் காட்டிலும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றியது நம் சக்ரீஸ்து அறையின் மூலையில் கிடந்த ஒரு மரப்பெட்டியைப் பற்றி. அதைப் பற்றி எழுதுவதானால் என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும்.

நான் இப்பங்குக்கு வந்த முதல் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னதாக அந்தப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் குடில் சுரூபங்கள் இருந்தன. சுட்ட மண்ணால் செய்து வர்ணம் பூசியவை. மாதாவின் முக்காட்டில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. சூசையப்பரின் தோள்பட்டை விரல் பட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. இடையர் ஒருவருக்குப் பாதம் இல்லை. கழுதையின் காது ஒன்று பெட்டியின் அடியில் தனியாகக் கிடந்தது. உடன் இருந்தவர்கள், "சாமி, மண் பொம்மை எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஃபைபரில் வாங்கிவிடலாம்" என்றார்கள். நானும் சரி என்று கையெழுத்திட்டேன். புதியவை வந்தன. பழையவை கோவிலுக்குப் பின்புறம் கொண்டுபோய்க் கொட்டப்பட்டன. மந்திரிக்கப்பட்ட சுரூபம் பழுதடைந்தால் அதை மண்ணில் புதைக்க வேண்டும் என்பது திருச்சபையின் வழக்கம். அதைக்கூட நான் அன்று நினைவில் கொள்ளவில்லை. அவசரத்தில் செய்த காரியம்.

அதன்பின் மண்ணைப் பற்றி ஓரளவு படித்தேன். போகும் வழியில் எல்லாம் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்தேன். நாம் கொட்டியது என்ன என்பது அப்போதுதான் விளங்கிற்று.

குருமடத்தில் எபிரேய மொழி கொஞ்சம் சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வு முடிந்ததும் அதில் பெரும்பகுதியை மறந்துவிட்டோம். ஆனால் ஒன்று மறக்கவில்லை. ஆதாம் என்ற பெயரும், நிலம் என்று பொருள்படும் ஆதாமா என்ற சொல்லும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தொடக்க நூல் மனிதனின் படைப்பைச் சொல்லும் இடத்தில் கடவுள் மண்ணைப் பிசைந்து உருவாக்கும் கைவினைஞராகக் காட்சி தருகிறார். எரேமியா இறைவாக்கினர் குயவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும், அங்கே சக்கரத்தில் கெட்டுப்போன கலம் மீண்டும் வனையப்பட்டதும் நீங்கள் பிரசங்கங்களில் கேட்டவையே. பிரசங்கத்துக்கு உவமையாக மட்டும் மண்ணை வைத்துக்கொண்டு, பீடத்தில் வைப்பதற்கு அதைத் தாழ்ந்த பொருள் என்று நாம் ஏன் கருதுகிறோம்? கல் உயர்ந்தது, பித்தளை உயர்ந்தது, சலவைக்கல் எல்லாவற்றையும் விட உயர்ந்தது, மண் மட்டும் ஏழைக்கு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நம் கடற்கரையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

எக்கியார்குப்பத்திலிருந்து தெற்கே பேருந்தில் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குச் சென்றால் அரிக்கமேடு. இன்று மரங்கள் நிழலாடும் ஒரு மேடு, அவ்வளவுதான். 1944ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மண்சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட சாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே நூலகத்தில் காட்சிக்கு வைத்திருந்த துண்டுகளில் பளபளப்பான செந்நிற ஓட்டுச் சில்லுகள் இருந்தன. அவை இத்தாலி நாட்டில் அரெஸ்ஸோ என்ற ஊரில் கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டிச் செய்யப்பட்ட தட்டுகள் என்பதை அவர் பார்த்தவுடன் அறிந்துகொண்டார். 1945இல் அங்கு அகழாய்வு நடத்தினார். பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் ஆராய்ந்தார்.

அரெஸ்ஸோ தட்டுகளில் செய்த குயவரின் முத்திரை அடியில் பதிந்திருக்கும். உயர்ந்த ரகங்களில் அச்சில் வார்த்த பூங்கொடிகளும் மனித உருவங்களும் புடைப்பாக நிற்கும். பொன்னும் வெள்ளியும் மண்ணோடு மண்ணாகப் போன இடத்தில், உடைந்த தட்டின் அடிப்பாகம் நின்று சாட்சி சொன்னது. அந்தச் சில்லுகளின் காலம் தெரிந்திருந்ததால்தான் அவற்றோடு கிடைத்த நம் நாட்டு மண்பாண்டங்களின் காலத்தையும் கணக்கிட முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஓர் அளவுகோல் ஆயிற்று. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடல்வழிக் குறிப்பில் பொதுகே, சோபட்மா என்று இரு துறைமுகங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது அரிக்கமேடு என்றும், பின்னது நம் மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆகவே இத்தாலிய மண்ணைச் சுமந்த கப்பல்கள் நம் குப்பத்துக்கு எதிரே கடந்து போயிருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

வடக்கே பார்த்தாலும் இதே கதைதான். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் கடல் கொண்டுபோனவற்றின் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அது வெளியே காட்டிய ஒன்றும் உண்டு. மாமல்லபுரத்துக்கு அருகில் சாளுவன்குப்பத்தில் மணல் அரித்துப் போனதால் கல்வெட்டுள்ள பாறைகள் வெளிப்பட்டன. அதைத் தொடர்ந்து 2005இல் தோண்டியபோது, பல்லவர் காலத்துக் கட்டடத்துக்கு அடியில் அதனினும் பழமையான செங்கல் கோவில் ஒன்று தெரிந்தது. முருகன் கோவில். அங்கே கிடைத்த பொருள்களில் சுடுமண் நந்தி ஒன்றும், பெண்கள் கைகோத்து ஆடும் குரவைக் கூத்தைக் காட்டும் சுடுமண் பலகை ஒன்றும் உண்டு. கல்லைக் குடைந்து கோவில் எழுப்புவதற்கு முன்பே, இந்தக் கரையில் தெய்வத்துக்கு வீடு கட்டியதும் அதை அழகு செய்ததும் சுட்ட மண்ணால்தான்.

மண்ணைச் சிற்பமாக்கும் கலை நம் நாட்டில் எவ்வளவு உயரம் போயிற்று என்பதற்கு மிகப் பெரிய சாட்சி ஐயனார் குதிரைகள். திண்டிவனம், விழுப்புரம் சாலைகளில் ஊர் எல்லையில் நிற்கும் குதிரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இப்போது சிமென்டுக்கு மாறிவிட்டன. தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் மண் குதிரைகள் இன்னும் வரிசை வரிசையாக நிற்கின்றன; ஆள் உயரத்தைத் தாண்டியவை பல. பிற சமயத்தாருடைய வழிபாட்டில் உண்மையும் புனிதமும் உள்ள எதையும் திருச்சபை வெறுத்து ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ஒரு குருவானவர் ஐயனார் குதிரையைப் பற்றி எழுதுகிறாரே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கைவேலையைப் பார்ப்போம்.

குதிரை செய்வதற்கு முன் ஊரார் பிடிமண் எடுத்துக் குயவரிடம் கொடுப்பார்கள். அதுவே வேலை தொடங்குவதற்கான உத்தரவு. வேளார் என்று மரியாதையாக அழைக்கப்படும் இக்குயவரே பல கோவில்களில் பூசாரியும் ஆவார். ஏரியிலிருந்து எடுத்த களியில் மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். ஏன் உமி? வெறும் களி காயும்போது சுருங்கும். காய்ந்து சுடப்படுவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவு குறைந்துவிடும். சுருங்கும்போது வெடிக்கும். மணலும் உமியும் இருந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். சூளையில் உமி எரிந்து போய், அது இருந்த இடம் நுண்ணிய துளையாக நிற்கும்.

குதிரை முழுதும் உள்ளே கூடு. முதலில் நான்கு கால்களையும் குழாய் போல எழுப்புகிறார்கள். கீழ்ப்பகுதி காய்ந்து இறுகி மேல்பாரத்தைத் தாங்கும் வரை காத்திருந்து, பிறகு வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. கனமான மண் தடித்திருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். ஆகவே பார்ப்பதற்கு யானைப் பலம் கொண்ட அந்த மார்பு, உண்மையில் சில விரற்கடை கனமுள்ள ஓடுதான். மணிமாலை, சேணம், முகபடாம் எல்லாம் தனியாக உருட்டி ஒட்டப்படுபவை. பெரிய குதிரையைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது. குதிரை நிற்கும் இடத்திலேயே அதைச் சுற்றி விறகும் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே உடைந்த ஓடும் சேறும் பூசிச் சூளையை அங்கேயே கட்டிவிடுவார்கள். கல் தச்சர் தவறினால் உளி ஒரு சில்லைத்தான் பெயர்க்கும். குயவர் தவறினால் பல வார உழைப்பு ஓர் இரவில் போய்விடும். இந்தத் துணிச்சலை மதிக்கத் தெரியாமல், "மண் பொம்மை" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டோம்.

ஐரோப்பாவில் மட்டும் மண்ணுக்கு மதிப்பு வேறாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கும் சலவைக்கல்லுக்கே முதல் மரியாதை. அதை மாற்றியவர் ஒரு சலவைக்கல் சிற்பியே. லூக்கா தெல்லா ரொபியா என்பவர், ஃபுளோரன்ஸ் நகரத்தார். அந்த நகரத்துப் பேராலயத்தின் பாடகர் மேடைக்குச் சலவைக்கல்லில் சிற்பம் செதுக்கிப் பெயர் பெற்றவர். அவர் களிமண்ணில் உருவம் செய்து சுட்டு, அதன்மேல் வெள்ளீயச் சாம்பல் கலந்த மெருகைப் பூசி மறுபடியும் சுட்டார். மண் வெண்ணிறமாக, கண்ணாடிப் பளபளப்போடு வெளிவந்தது. பின்னணிக்கு வானத்தின் நீலம். 1442க்கும் 1445க்கும் இடையில் அவர் செய்த உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சிற்பம் அந்தப் பேராலயத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? சக்ரீஸ்து அறையின் வாசலுக்கு மேலே. நம் மரப்பெட்டி கிடந்ததும் சக்ரீஸ்து அறையில்தான் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

லூக்காவுக்குப் பின் அவருடைய சகோதரர் மகன் அந்திரேயா அதே தொழிலைத் தொடர்ந்தார். அந்நகரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்த இல்லத்தின் முகப்பில், 1487 அளவில் அவர் செய்த வட்டச் சிற்பங்கள் இருக்கின்றன. நீலப் பின்னணியில் துணியால் சுற்றப்பட்ட வெள்ளைக் குழந்தைகள், ஒவ்வொன்றும் கைகளை விரித்தபடி. வெயிலிலும் பனியிலும் 500 ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றன. அரிக்கமேட்டுக்கு வந்த செந்நிறத் தட்டின் ஊரான அரெஸ்ஸோ இதே துஸ்கனி நாட்டில் ஃபுளோரன்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆனால் மெருகு பூசாத வெறும் சுட்ட மண்ணில் செய்த ஒன்றே என் மனத்தை விட்டு அகலாதது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்தில் சாந்தா மரியா தெல்லா வீத்தா என்ற கோவிலில், சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டவரைச் சுற்றி ஆள் அளவு உருவங்கள் நிற்கின்றன. நிக்கோலோ தெல் ஆர்க்கா என்பவர் 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்தவை. பூசியிருந்த வர்ணம் பெரும்பாலும் போய்விட்டது. மகதலேன் மரியாள் ஓடி வருகிறார். அவருடைய ஆடை காற்றில் பின்னால் பறக்கிறது. வாய் திறந்து அலறுகிறார். இன்னொரு பெண் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் இரு கைகளையும் முன்னே நீட்டித் தடுக்கிறார். அழகான அழுகை அன்று. கடலுக்குப் போன கட்டுமரம் ஆளில்லாமல் கரை ஒதுங்கிய காலையில் நம் குப்பத்துப் பெண்கள் மணலில் ஓடிவந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் அந்நியமாக இரா. கல்லில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் கல்லில் ஒவ்வொரு வரியும் மாதக்கணக்கில் யோசித்து வெட்டுவது. ஈர மண்ணில் கட்டை விரல் ஒரு நொடியில் அழுத்திய குழி அப்படியே நின்றுவிடுகிறது. அவசரமும் நடுக்கமும் மண்ணில் பதியும். பிறகு நெருப்பு அதை நிலைப்படுத்திவிடும்.

குடிலுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவும் அங்கிருந்தே வருகிறது. அர்ச் பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ ஊரில் வைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை; உயிருள்ள மாடும் கழுதையும்தான். பின்னர் நேப்பிள்ஸ் நகரத்தார், சிறப்பாக 18ஆம் நூற்றாண்டில், குடில் கலையை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். சுடுமண்ணால் தலை, கம்பியும் நாரும் சுற்றிய உடல், மேலே உண்மைத் துணி. அவர்கள் மாதாவையும் சூசையப்பரையும் மட்டும் செய்து நிறுத்தவில்லை. தங்கள் ஊர்ச் சந்தையையே கொண்டுவந்து வைத்தார்கள்: பழம் விற்பவர், ரொட்டி சுடுபவர், கூடையில் மீன் வைத்து விற்பவர். பெத்லகேமில் மீன் சந்தை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்துக் கோவில்களில் மண்ணுக்கு இடமே இல்லையா? உண்டு, நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இங்கிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறீர்கள். மக்காவிலிருந்து கொழும்புக்குப் போன போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் சிக்கி, மாதாவை வேண்டிக் கரை சேர்ந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். நன்றிக்கடனாக அவர்கள் சிற்றாலயம் எழுப்பி, சீன நாட்டுப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள் என்பதும் மரபு. விவிலியக் காட்சிகள் தீட்டிய தட்டுகள். கூட்ட நெரிசலில் மாதாவின் முகத்தைப் பார்க்கவே நேரம் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் அடுத்த முறை ஒரு கணம் அந்தத் தட்டுகளையும் பாருங்கள். பீங்கானும் மண்தான். இரும்புச் சத்து இல்லாத வெண்களி, ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் வெந்து, கண்ணாடி போல் இறுகியது. நம் சட்டிபானையோ 700 முதல் 900 பாகைக்குள் வெந்தது. இரும்புச் சத்தால் சிவந்தது. அக்காளும் தங்கையும்தான்.

இதே சீனப் பீங்கானுக்கு இன்னொரு பக்தி வரலாறும் உண்டு. ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டபின், மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் சீனத்தின் ஃபுஜியான் மாநிலத்தில் செய்த வெள்ளைப் பீங்கான் உருவங்களை வீட்டில் வைத்திருந்தார்கள். புத்த சமயத்தாரின் கருணைத் தெய்வமான கன்னோன், கையில் குழந்தையுடன். காவலர் கண்ணுக்கு அது கன்னோன். வீட்டாருக்கு அது தேவதாய். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் குருவும் பூசையும் இல்லாமல் அவர்கள் ஜெபித்தது ஒரு முழ உயரம்கூட இல்லாத பீங்கான் முன்பாகத்தான்.

சரி, மண் இவ்வளவு உயர்ந்ததென்றால் நம் சூசையப்பர் ஏன் உதிர்ந்தார்? உப்பால். உப்பளத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு பூக்கிறது அல்லவா? சுட்ட மண்ணுக்குள்ளும் எண்ணற்ற துளைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் உப்புக் காற்றின் ஈரம் அத்துளைகளுக்குள் இறங்குகிறது. வெயில் காலத்தில் நீர் மட்டும் வெளியேறுகிறது. உள்ளே தங்கிய உப்பு மணியாக உறைந்து பருக்கிறது. பருக்கும்போது துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படிப் பூத்துப் பூத்து மேல்தோல் மாவாகிறது. போதாக்குறைக்கு நாம் பெட்டியைச் சிமென்டுத் தரையில் வைத்திருந்தோம். தரையின் ஈரம் முழுதும் வைக்கோல் வழியே ஏறிற்று. சுரூபத்தின்மீது பூசிய எண்ணெய் வர்ணம் உப்பை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்தது. குற்றம் மண்ணுடையது அன்று, வைத்த விதத்தினுடையது.

இதே உப்பு மண்ணுக்குக் கவசமாகவும் ஆவதுண்டு என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதிக் குயவர்கள் 15ஆம் நூற்றாண்டளவில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சூளை 1200 பாகையைத் தாண்டி வெண்ணெருப்பாய்க் கனலும்போது, உள்ளே கைப்பிடி கைப்பிடியாகச் சமையல் உப்பை எறிந்தார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களியிலுள்ள மணற்சத்தோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகக் கலத்தின்மேல் படிந்தது. பழைய கட்டடங்களில் பளபளப்பான பழுப்பு நிறக் கழிவுநீர்க் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பு உப்பின் வேலைதான். குளிர்ந்த மண்ணை உடைக்கும் உப்பு, கொதிக்கும் மண்ணுக்கு மேலாடை தருகிறது. மரக்காணத்து உப்புக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று நம் உப்பளத்தார் அறிந்திருக்க நியாயமில்லை.

இனி அந்தப் பாட்டியின் கதை. போன ஆண்டு தவக்காலத்தில் நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கப் போனபோது, ஒரு வீட்டில் சுவர் மாடத்தில் செந்நிறமான இடையர் உருவம் ஒன்றைக் கண்டேன். ஒரு பாதம் இல்லை. வர்ணம் துளியும் இல்லை. சுட்ட மண்ணின் நிறம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசிப்பதற்குள் பாட்டியே சொல்லிவிட்டார்: "சாமி, நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்க. எனக்கு மனசு வரல. இதோட மொகத்தப் பாருங்க, எங்க ஊட்டுக்காரரு மாதிரியே இல்ல? அதான் எடுத்தாந்துட்டேன்."

உண்மையிலேயே அது வெளிநாட்டு இடையரின் முகம் அன்று. அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம், வெயிலுக்குச் சுருக்கிய கண். செய்தவர் தாம் அன்றாடம் பார்த்த ஒருவரை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார். வர்ணம் இருந்தபோது இதெல்லாம் தெரியவில்லை. உதிரவில்லையா என்று கேட்டேன். "நல்ல தண்ணியில ஊறப் போடுவேன் சாமி. மறுநாளு தண்ணிய மாத்துவேன். வாயில வெச்சுப் பாத்தா உப்புக் கரிக்கும். கரிக்காத வரைக்கும் மாத்துனேன். அப்பறம் நெழல்ல காயவெச்சேன். அதோட நின்னுப் போச்சு" என்றார். அகழாய்வில் கிடைக்கும் ஓடுகளை அருங்காட்சியகங்களில் இதே முறையில்தான் நன்னீரில் ஊறவைத்து உப்பை நீக்குகிறார்கள். நான் புத்தகத்தில் படித்ததை, உப்பளத்தில் உப்பு வாரியே முதுமை அடைந்த அவர் நாக்கால் கண்டறிந்திருந்தார். அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இப்போது மண்ணில் நல்ல வேலை செய்பவர்கள் கிடைப்பார்களா என்று பங்குப் பேரவையில் கேட்டார்கள். தொலைவில் தேட வேண்டியதில்லை. வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்குப் போகாதவர் நம் பங்கில் உண்டா? 1877இல் பிரான்சு நாட்டிலிருந்து மாதா சுரூபம் வந்த திருத்தலம். அதே வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாம் மாதாவைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறோம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் கொலு பொம்மைகளும் பிள்ளையாரும் செய்வதோடு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் செட்டுகளும் செய்து தமிழகம் எங்கும் அனுப்புகிறார்கள். நம் பாலனை வனைபவர்கள் இந்துக் குயவர்கள் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் பெயர் பெற்றவை. அவை களிக்குழம்பை அச்சில் ஊற்றி வார்ப்பவை. அழகானவைதாம், ஆனால் நூறு முகமும் ஒரே முகமாக இருக்கும். புதுச்சேரியிலேயே 1971இல் அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர் இருவரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில், உயர்ந்த வெப்பத்தில் சுடும் கல்மண் வேலையைப் பலர் கற்றுக்கொண்டார்கள். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பீங்கான் கலைஞர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அது பெரிய காரணம்.

திருச்சபை எந்தக் காலத்தின் கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று வைத்துக்கொள்ளவில்லை, அந்தந்த மக்களின் கலைக்கு இடம் உண்டு என்று வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய ஏட்டில் கூறிற்று. அதை வாசித்துக் குறிப்பெடுத்துத் தேர்வு எழுதியவன் நான். எழுதியும் நம் ஊர் முகத்தைக் கொட்டிவிட்டு, எந்த ஊர் முகமும் இல்லாத ஃபைபரை வாங்கினேன்.

ஆகவே யூபிலி ஆண்டின் குடில் மண்ணிலேயே அமையும். பேரவையில் இருவர் இன்னும் ஃபைபர் பக்கமே இருக்கிறார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்பது நியாயமே. கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்: களி கடலோரத்தது ஆகாது, உள்நாட்டு ஏரியுடையதாக இருக்க வேண்டும், நன்றாக வெந்திருக்க வேண்டும், எண்ணெய் வர்ணம் கூடாது, காவிப் பூச்சு போதும். திருநாள் காலம் முடிந்ததும் நன்னீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தரையில் படாமல் மரப்பலகைமேல் வைப்பது இளைஞர் குழுவின் பொறுப்பு. இடையர்களோடு வலை தோளில் போட்ட ஒருவரும், உப்பு வாரும் பலகையோடு ஒரு பெண்ணும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். குயவர் சிரித்துக்கொண்டே, "முகம் யாருடையது வேண்டும் சாமி?" என்றார்.

பழைய குடிலில் எஞ்சியவர் அந்த ஒற்றைக்கால் இடையர் மட்டுமே. அவரையும் இந்த ஆண்டு குடிலில் நிறுத்த ஆசை என்று பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் காலையிலேயே நானே கொண்டுவந்து மாடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சரி என்று சொல்லியிருக்கிறேன்.